கேஸில் ஓடுகிறது, பெட்ரோலில் நின்றுபோகிறது

எங்கள் வீட்டு மாருதி ஆம்னி வேன் 1998 மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தருவது) உள்ள வண்டி. எல்பிஜி கிட் பிற்பாடு வெளியில் போட்டது, ஆர்சி புத்தகத்திலும் ஏற்றியாகிவிட்டது. ஈரோட்டுக்குள் ஓடுகிறவரை அதில் ஒரு குறை சொல்ல முடியாது. கேஸில் சாவியைத் திருப்பியதும் எடுக்கும், சிக்னலில் அதிராமல் நிற்கும். பெட்ரோலுக்கு மாற்றினால்தான் வம்பு. ஸ்டார்ட் ஆகும், ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்வரை ஓடும், காலை எடுத்ததும் இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு ஆஃப் ஆகிவிடும்.

பழைய கேஸ் வண்டி வைத்திருப்பவர்கள் பலர் இதோடே வாழப் பழகிவிட்டார்கள். பட்டறையில் கேட்டாலும் "கேஸ் வண்டின்னா பெட்ரோல்ல அப்படித்தாங்க இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்ளவே இல்லை. இரண்டு எரிபொருளிலும் ஓடும் என்று சொல்லித்தானே கிட் போடுகிறோம், அதில் ஒன்று செத்துவிட்டால் மிச்சம் இருப்பது கேஸ் பங்க்கை நம்பி மட்டுமே வெளியே எடுக்கக்கூடிய ஒரு வண்டி. எங்களுக்குத் தாளவாடிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரி தாண்டி, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கித்தான் போய் வரவேண்டும். கேஸ் தீர்ந்தால் அந்த மலையில் பெட்ரோல்தான் கதி. இறக்கத்தில் காலை எடுத்ததும் இன்ஜின் நின்றுவிடுகிற வண்டியை அங்கே கொண்டுபோவது விளையாட்டுக் காரியம் இல்லை. பிரேக் பூஸ்டர் (பெடலை லேசாக்கும் கருவி) உள்ள வண்டி என்றால் இன்ஜின் நின்ற பிறகு ஓரிரு மிதிக்கு மேல் பூஸ்டரில் வேக்கம், அதாவது இன்ஜின் தருகிற உறிஞ்சு விசை, இருக்காது, பெடல் கல்லாகிவிடும்.

நான் முதலில் காட்டிய பட்டறையில் "கம்ப்ரெஷன் போயிருக்குங்க, ஹெட்டை இறக்கிப் பாத்துரலாம்" என்றார்கள், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்துவிட்டது, இன்ஜினின் மேல்பாகத்தையே கழற்றவேண்டும் என்று. அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லாமல் போனது. அதே வண்டி, அதே நிமிடம், ஸ்விட்சைக் கேஸ் பக்கம் தள்ளினால் காலை எடுத்தாலும் அணையாமல் ஓடுகிறதே! கம்ப்ரெஷன் போன இன்ஜின் கேஸில் மட்டும் எப்படி அணையாமல் ஓடும்? பிஸ்டன் ரிங், வால்வு, பிளக், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாமே இரண்டு எரிபொருளுக்கும் பொது. அதிலும் கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான ஸ்பார்க் வேண்டும், அதனால் பிளக்கோ அதற்குக் கரண்ட் கொண்டுபோகும் எச்டி வயரோ சோர்ந்துபோனால் முதலில் முனகுவது கேஸ் ஓட்டம்தான். கேஸில் ஐடிலிங் (கால் வைக்காதபோது இன்ஜின் மெதுவாக ஓடுவது) சுத்தமாக இருக்கிறது என்றால் இன்ஜினையும் இக்னிஷனையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பெட்ரோல் மட்டும் போகிற வழியில் என்னென்ன இருக்கிறதோ அதில்தான் தேடவேண்டும். கிட் போட்ட வண்டி வைத்திருப்பதில் உள்ள பெரிய வசதியே இதுதான், வெறும் பெட்ரோல் வண்டிக்காரருக்கு இப்படி ஒரு சாட்சி கிடைக்காது. ஹெட்டை இறக்கச் சொன்னால் வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, பெட்ரோல் வழி. டேங்க், ஃபில்டர், பம்ப், கிட்காரர் இடையில் வைத்த பெட்ரோல் சொலினாய்டு வால்வு (கரண்ட் வந்தால் திறக்கும் வால்வு), கார்புரேட்டர். இதில் எங்கே தேடுவது என்பதை வண்டியின் நடத்தையே சொல்கிறது. ரேஸ் கொடுத்தால் ஓடுகிறது, நாற்பது ஐம்பதில் இழுக்கிறது, காலை எடுத்தால்தான் நிற்கிறது என்றால் பெட்ரோல் கார்புரேட்டர் வரைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பம்ப் அடிக்கவில்லை என்றாலோ, பெட்ரோல் சொலினாய்டு திறக்கவில்லை என்றாலோ, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் இருக்கிறது தீர்ந்ததும் ரேஸ் கொடுத்தாலும் நின்றுபோகும். (அந்த மாதிரி நின்றுபோகிற வண்டிக்கு முதலில் பெட்ரோல் சொலினாய்டில் டிக் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பல சொலினாய்டுகளில் கையால் திறந்துவைக்க ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.) எங்கள் வண்டியில் குறை ஸ்லோ சர்க்யூட்டில் மட்டும், அதாவது கார்புரேட்டருக்குள் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தருகிற வழியில்.

கால் ஆக்சிலரேட்டரில் இல்லாதபோது, காற்று போகும் வழியைத் திறந்து மூடுகிற த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். மேலே காற்று மெதுவாகப் போவதால் பெட்ரோல் வரும் பெரிய துளையான மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படாது. தட்டுக்குக் கீழே வேக்கம் பலமாக இருக்கும், அங்கே ஒரு சின்னத் துளை, அதற்குப் பெட்ரோல் தருவது ஸ்லோ ஜெட். அந்த ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டரைவிடச் சிறியது. இன்ஜின் ஐடிலிங்கில் உயிரோடு இருப்பதே அந்த ஓட்டையை நம்பித்தான். கேஸுக்கு இந்த ஓட்டையோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. வேப்பரைசரில் ஆவியாகி, கனமான ரப்பர் ஹோஸ் வழியாக வந்து, கார்புரேட்டர் தலையில் உட்கார்ந்திருக்கும் மிக்ஸரில் காற்றோடு கலந்து, மூடியும் மூடாமலும் இருக்கிற தட்டின் இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். ஸ்லோ ஜெட் முழுக்க அடைத்துக் கிடந்தாலும் கேஸ் ஓட்டத்தில் அது தெரியவே தெரியாது, வருடக்கணக்கில் தெரியாது.

ஆனால் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் பார்க்கவேண்டிய ஒன்று இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கார்புரேட்டரிலேயே ஒற்றை ஒயரோடு ஒரு சின்ன சொலினாய்டு இருக்கும், ஐடில் கட் சொலினாய்டு. சாவி ஆன் ஆனால் அதற்கு 12 வோல்ட் வரும், உள்ளே ஊசி பின்னால் இழுத்துக்கொண்டு ஸ்லோ சர்க்யூட்டைத் திறக்கும். சாவியை அணைத்தால் மூடிவிடும், அணைத்த பிறகும் இன்ஜின் திணறிக்கொண்டே ஓடாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு. இதற்குக் கரண்ட் வரவில்லை என்றால் எங்கள் வண்டியில் நடந்த அதே கூத்துதான் நடக்கும், ரேஸில் ஓடும், ஐடிலிங்கில் செத்துவிடும். சோதிப்பதும் சுலபம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, அந்த ஒயரைக் கழற்றி மறுபடி தொட்டால் டிக் என்று கேட்கவேண்டும்.

எங்கள் வண்டியில் சில தடவை கேட்டது, சில தடவை கேட்கவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 12-க்கு மேல் இருந்த வோல்டேஜ் அந்த ஒயருக்கு வரும்போது நன்றாக இறங்கிப்போயிருந்தது, டேஷ்போர்டில் உள்ள கேஸ் ஸ்விட்சை ஆட்டினால் ஏறி இறங்கியது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனதில் கதை புரிந்தது. கேஸில் ஓடும்போது ஸ்லோ சர்க்யூட்டில் பெட்ரோல் சொட்டிவிடக்கூடாது என்று கிட் போட்டவர் அந்த ஒயரை வெட்டி, பெட்ரோல்-கேஸ் மாற்று ஸ்விட்ச் வழியாகத் திருப்பிவிட்டிருக்கிறார். யோசனை நல்ல யோசனைதான். வெட்டிய இடத்தில் சால்டர் வைக்காமல் முறுக்கி டேப் சுற்றியது தப்பு. அந்த இணைப்பு பச்சை பூத்துக் கிடந்தது, ஸ்விட்சுக்குள் உள்ள காண்டாக்டும் கருத்துப்போயிருந்தது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த ஒரு தனி ஒயரை அந்த சொலினாய்டுக்குக் கொடுத்து ஸ்டார்ட் செய்ததும் வண்டி பெட்ரோலில் ஓடியது, காலை எடுத்தும் அணையவில்லை. ஹெட்டை இறக்கச் சொன்ன வண்டி! அப்புறம் ஒரு ரிலே வைத்து, இணைப்புகளை முறையாகச் சால்டர் வைத்து மூடினோம்.

அணையவில்லை என்றாலும் ஐடிலிங் சீராக இல்லை, ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தது. அடுத்தது கார்புரேட்டர். கழற்றி ஃப்ளோட் அறையைத் திறந்தால் அடியில் தேன் நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. கேஸ் வண்டியில் இது வந்தே தீரும். கார்புரேட்டர் கிட்டில் பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாற்றும்போது ஸ்விட்சை நடுவில் (இரண்டு எரிபொருளும் வராத நிலையில்) வைத்து, ஃப்ளோட் அறையில் இருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓட்டி, இன்ஜின் தளரும்போது கேஸுக்குத் தள்ளவேண்டும், இரண்டும் சேர்ந்து போனால் இன்ஜின் மூச்சுத்திணறும். அப்படி ஓட்டித் தீர்த்தாலும் அறையின் அடியில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் மிஞ்சிக் காயும், இன்ஜின் சூட்டில் இன்னும் வேகமாகக் காயும். லேசான பகுதி ஆவியாகப் போய்விட, கனமான பகுதி பிசினாகப் படியும். ஸ்லோ ஜெட்டின் ஓட்டை அவ்வளவு சின்னது என்பதால் முதலில் அடைபடுவது அதுதான். ஃப்ளோட் நீடில் ஒட்டிக்கொள்வது, ஆக்சிலரேட்டர் பம்ப்பின் ரப்பர் டயாஃப்ரம் காய்ந்து விறைப்பது, கேஸ்கெட் சுருங்குவது எல்லாம் அப்படிக் காய்ந்துபோவதன் விளைவுகள்தான்.

ஜெட்டைக் குண்டூசி விட்டோ ஒயர் விட்டோ குத்தாதீர்கள், ஓட்டை அகலமானால் அந்த ஜெட் அவ்வளவுதான். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவைத்து கம்ப்ரஸர் காற்று அடித்தால் போதும், ஜெட்டை மட்டும் இல்லாமல் அதற்குப் பின்னால் உள்ள வழி முழுக்க அடிக்கவேண்டும். ரிப்பேர் கிட்டில் கேஸ்கெட், டயாஃப்ரம், நீடில் எல்லாம் வரும், கழற்றியதோடு மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

டேங்க்கில் இருக்கிற பெட்ரோலைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். கேஸ் வண்டிக்காரர்கள் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டு மூன்று லிட்டர் போட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அந்தக் காலப் பெட்ரோலில் இது ஓரளவு தாங்கியது. 2022-இல் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தைத் தொட்டது, 2023-இல் 20 சதவீதக் கலவை பங்க்குகளுக்கு வர ஆரம்பித்தது, இப்போது எங்கே போட்டாலும் ஏறக்குறைய அதுதான். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலி இடம் அதிகம் உள்ள டேங்க்கில் நாள்பட நின்றால், ஈரம் அளவுக்கு மேல் போகும்போது எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். பழைய ரப்பர் ஹோஸையும் டயாஃப்ரத்தையும் எத்தனால் ஊதவைக்கும். இதற்கு மேல் இன்னொரு விஷயம். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்கு இது 13.5 பக்கம் வருகிறது. சென்சார் உள்ள வண்டி தானே சரிசெய்துகொள்ளும், 1998 கார்புரேட்டருக்கு அந்தக் கணக்கு தெரியாது. அது பழைய அளவிலேயே பெட்ரோல் கொடுக்கும், கலவை மெலிந்துபோகும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகும்), மெலிவு முதலில் தெரிவது ஐடிலிங்கில்தான். எங்கள் வண்டியில் கார்புரேட்டரின் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு) கொஞ்சம் வெளியே திருப்பிய பிறகுதான் ஆட்டம் குறைந்தது.

ஆட்டம் குறைந்ததே தவிர முழுதாகப் போகவில்லை. மிச்சம் இருந்தது வேக்கம் லீக். கேஸில் நன்றாக ஓடினால் பொதுவான பாகங்களைச் சந்தேகிக்கவேண்டாம் என்று மேலே சொன்னேனே, அதற்கு இது ஒன்றுதான் விலக்கு. கார்புரேட்டரின் அடி கேஸ்கெட்டிலோ, அதிலிருந்து இன்ஜினுக்குக் கலவை கொண்டுபோகும் மேனிஃபோல்டில் சொருகிய ஏதாவது ஒரு ஹோஸிலோ காற்று கசிந்தால் இரண்டு எரிபொருளிலும் ஐடிலிங் கெடத்தான் வேண்டும். ஆனால் கேஸ் ட்யூனிங் செய்கிறவர் வேப்பரைசரில் உள்ள ஐடில் ஸ்க்ரூவைத் திறந்து அந்த உபரிக் காற்றுக்கும் சேர்த்துக் கேஸ் கொடுத்துவிடுவார், கசிவு மறைந்துபோகும். பெட்ரோலில் அந்த ஈடு கிடையாது. வேக்கத்தால் வேலை செய்கிற வேப்பரைசர் என்றால் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் டீ (T வடிவ இணைப்பு) போட்டு அதற்குப் போகும், எங்கள் வண்டியில் அந்த டீ இணைப்பில்தான் ஹோஸ் வெடித்திருந்தது. கண்டுபிடிக்கிற வழி எளிது, பெட்ரோலில் ஓடவிட்டு ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய குறட்டால் நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ஓட்டம் சீராகிறதோ அதுதான். சூடான இன்ஜின் மேல் பெட்ரோலைத் தெளித்து லீக் பார்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான குறை ஒன்றும் சில வண்டிகளில் வரும். பெட்ரோலில் ஓடும்போது கேஸும் கொஞ்சம் கசிந்து வருவது. கேஸ் சொலினாய்டு முழுதாக மூடாமல், வேப்பரைசரின் உள் வால்வும் தேய்ந்திருந்தால் இப்படி ஆகும். கலவை கொழுத்துப்போகும், புகைக்குழாயில் கரி படியும், ஐடிலிங் பொத் பொத்தென்று கனமாக இருக்கும். டேங்க்கில் உள்ள கை வால்வை மூடி, லைனில் மிஞ்சிய கேஸ் தீரும்வரை கேஸிலேயே ஓட்டி, அப்புறம் பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். இப்போது ஐடிலிங் நன்றாக இருந்தால் குற்றவாளி வேப்பரைசர் பக்கம். இந்தக் கசிவைத் தள்ளிப்போடவே கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தங்கும். இந்த வேலைகளைப் பட்டறையின் பள்ளத்துக்குள் வைத்தோ மூடிய ஷெட்டிலோ செய்யவேண்டாம், இணைப்புகளைச் சோப்பு நுரை வைத்துத்தான் சோதிக்கவேண்டும். ஹை பிரஷர் லைனையும் டேங்க் வால்வையும் நான் தொடுவதே இல்லை, அது கிட் தெரிந்தவரின் வேலை.

எல்லாம் சரியான பிறகு ட்யூனிங். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பெட்ரோலைத்தான் முதலில் சரிசெய்யவேண்டும். வால்வு கிளியரன்ஸ், பிளக் இடைவெளி, டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பார்த்துவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பெட்ரோலில் த்ராட்டில் ஸ்க்ரூவையும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றித் திருப்பி ஐடிலிங்கை நிமிடத்துக்கு 800-க்கும் 900-க்கும் இடைப்பட்ட சுற்றுகளில் நிறுத்தவேண்டும். அதன் பிறகு கேஸுக்கு மாற்றி, கேஸ் ஐடிலிங்கை வேப்பரைசர் ஸ்க்ரூவில் மட்டும் சரிசெய்யவேண்டும். த்ராட்டில் ஸ்க்ரூவை மறுபடி தொடக்கூடாது. பெரும்பாலான இடங்களில் தலைகீழாக நடக்கிறது. வண்டி கேஸில்தானே ஓடப்போகிறது என்று கேஸில் வைத்தே, கைக்கு எட்டுகிற த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருப்பி முடித்துவிடுகிறார்கள். அன்றோடு பெட்ரோல் ஐடிலிங் போயிற்று. டைமிங்கிலும் இதே கதைதான். எல்பிஜியின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) 100-க்கு மேல் என்பதால் டைமிங்கை அட்வான்ஸ் செய்தால், அதாவது ஸ்பார்க்கை முன்கூட்டியே அடிக்கவைத்தால், கேஸில் பிக்கப் கூடும், அது உண்மைதான், ஆனால் அளவுக்கு மேல் போனால் அதே வண்டி ஏற்றத்தில் பெட்ரோலில் இன்ஜினுக்குள் தட்டுகிற நாக்கிங் சத்தம் போடும். திம்பம் ஏறுகிற வண்டிக்கு நான் பெட்ரோல் டைமிங்கையே வைத்திருக்கிறேன், கேஸில் கொஞ்சம் பிக்கப் குறைந்தாலும் பரவாயில்லை.

எம்பிஎஃப்ஐ வண்டிகளில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில், கதை கொஞ்சம் மாறும். என் மச்சான் காரில் இதே புகார் வந்தபோது ஸ்லோ ஜெட்டும் கிடையாது, ஐடில் கட் சொலினாய்டும் கிடையாது. அங்கே பார்க்கவேண்டியது பெட்ரோல் இன்ஜெக்டர்களும், கேஸில் ஓடும்போது அவற்றை நிறுத்திவைக்கிற எமுலேட்டரும். வருடக்கணக்கில் பூட்டிக்கிடந்த இன்ஜெக்டரின் நுனியில் பிசின் படியும், எமுலேட்டருக்குள் இருக்கிற ரிலே காண்டாக்ட் கருகும், மூன்றில் ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் வராமல் மிஸ்ஸிங் அடிக்கும். எமுலேட்டர் சாக்கெட்டைக் கழற்றி இன்ஜெக்டர் ஒயரிங்கைப் பழையபடி நேராகச் சேர்த்து ஓட்டிப் பார்த்தால் குறை கிட்டிலா இன்ஜெக்டரிலா என்று பிரிந்துவிடும். கேஸ் அளவு தப்பாக இருந்தால் இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) அதற்கேற்பக் கணக்கை மாற்றி நினைவில் வைத்துக்கொள்வதும் உண்டு, பெட்ரோலுக்கு வந்ததும் அந்தத் தப்புக் கணக்கிலேயே கொஞ்ச தூரம் தடுமாறும். அதற்கு மருந்து கேஸ் செட்டிங்கைச் சரிசெய்வது. அந்த நினைவை அழிக்கப் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுவது சில நாளைக்குத்தான் தாங்கும். டேங்க்குக்குள் மோட்டார் பம்ப் உள்ள வண்டியில் பெட்ரோலை அடிமட்டத்தில் வைத்திருப்பது இன்னொரு செலவு, கேஸில் ஓடும்போதும் பம்ப் ஓடுகிற மாதிரி ஒயரிங் இருந்தால், அதைக் குளிர்விக்கப் பெட்ரோல் இல்லாமல் சூடாகிக் கருகும்.

எங்கள் ஆம்னி இப்போது காலையில் பெட்ரோலில், சோக் இழுத்து ஸ்டார்ட் ஆகிறது. சூடேறும்வரை பெட்ரோல், அப்புறம் கேஸ். டேங்க்கில் கால்வாசி பெட்ரோல் எப்போதும் இருக்கிறது, ஆனால் பழசாக விடுவதில்லை, மலைக்குப் போகும்போது வேண்டுமென்றே பெட்ரோலில் ஓட்டித் தீர்த்துப் புதிதாகப் போட்டுக்கொள்கிறோம். இதனால் கேஸில் மிச்சமாகும் காசு கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. ஒரு தடவை கார்புரேட்டர் ரிப்பேர் கிட்டும் கூலியும் கொடுக்கிற செலவோடு வைத்துப் பார்த்தால் எனக்கு இது கட்டுபடியாகிறது.

பழைய கேஸ் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். ஆம்னி உற்பத்தி 2019-இலேயே நின்றுவிட்டது, இனி வாங்குவதெல்லாம் கைமாறி வந்த வண்டிதான். விற்பவர் வண்டியை முன்கூட்டியே சூடாக்கி, கேஸில் ஓடவிட்டுக் காட்டுவார். "அண்ணா, நான் வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வையுங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஆம்னி என்றால் முன்சீட்டைத் தூக்கி இன்ஜினைத் தொட்டுப் பார்க்கவேண்டும். ஆறிப்போயிருந்தால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், சோக் வேலை செய்கிறதா, சூடேறியதும் கால் வைக்காமல் அணையாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் டேங்க்கே காலி என்று சொன்னால் பக்கத்து பங்க்கில் நீங்களே இரண்டு லிட்டர் போடுங்கள். அதற்கும் சம்மதிக்காதவர் சொல்கிற விலையில் கார்புரேட்டர், சொலினாய்டு, ஒயரிங் மூன்றுக்கும் ஆகிற செலவைக் கழித்துக்கொண்டு பேச ஆரம்பிக்கலாம்.